நான் வாங்கிய பிரியாவிடைக் கேக்

என் பிரியாவிடைக் கேக்கை நானே கடைக்குப் போய் வாங்கினேன். அதன் மேல் என்ன எழுத வேண்டும் என்று கடைக்காரப் பெண் கேட்டபோது, வேறு யாருக்கோ என்று சொல்லி, எனக்கே ஒரு நன்றியும் எழுதி வாங்கினேன். வெட்கம் கெட்ட வேலைதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நாங்கள் ஒஸ்லோவில் ரொம்மனில், நான்காம் மாடியில் இருந்தோம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. எப்போதும் பின்னேர முறை. மனைவிக்கு ஒரு முதியோர் இல்லத்தில் காலை முறை. மகள் பிறந்தபோது யாராவது ஒருவர் அவளோடு வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு இது. மகள் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், திராமன் நகரில் வீடும் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். ஏற்பாடு மட்டும் போகவில்லை. இருபத்தாறு வருடம் அப்படியே கிடந்தது.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளை ரொம்மன் ரயில் நிலையத்தில் வைத்துத்தான் கைமாற்றுவோம். மனைவி வேலை முடிந்து வந்து இறங்குவாள். நான் தள்ளுவண்டியோடு நிற்பேன். "பால் குடிச்சிட்டாள், காய்ச்சல் இல்லை, சோறு வடிச்சுக் கிடக்கு" என்று ஒப்புவித்துவிட்டு ஓடிப்போய் என் ரயிலில் ஏறுவேன். நான் வேலை முடிந்து வரும்போது மனைவி நித்திரை. அவள் விடியப் புறப்படும்போது நான் நித்திரை. சனி ஞாயிறுகளில் அவளுக்கு முதியோர் இல்லத்தில் முறை வரும், இல்லாவிட்டால் யாருக்காவது கலியாணம், பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு. கோடை விடுமுறைக்குக் கார் நிறைய ஆட்களோடு பாரிஸுக்கோ லண்டனுக்கோ ஓடுவோம். அங்கே சித்தப்பா வீடு, மாமி வீடு, மச்சான் வீடு. எங்களுக்குள் ஒரு நாளும் பெரிய சண்டை வந்ததில்லை. சண்டை பிடிக்கவும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முழித்திருக்க வேண்டும் அல்லவா?

இந்தச் சீரான வாழ்க்கையைக் கெடுத்தது எதிர்வீட்டுச் சோடி. தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள், இருவருக்கும் முப்பது வயதுதான் இருக்கும். ஒரு நாள் கதவைத் தட்டி, வேலையை விட்டுவிட்டோம், ஒரு வருடம் உலகம் சுற்றப் போகிறோம் என்றார்கள். "நீங்களும் போங்க ஆன்ட்டி. லைஃப்ல எப்பதான் என்ஜாய் பண்றது?" என்று அந்தப் பெண் என் மனைவியின் கையைப் பிடித்துச் சொன்னாள். பிறகு மலை, கடல், ஒட்டகம் என்று படம் படமாக மனைவியின் போனுக்கு வந்துகொண்டே இருந்தது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"சித்திரை மாதத்தோடை நான் வேலையை விடப்போறன். நீங்களும் விடுங்கோ. ஒரு வருசம் ரெண்டு பேருமாப் போய் ஊர் சுத்துவம்."

"விளையாட்டோ?" என்றேன்.

"நான் எப்ப உங்களோடை விளையாடினனான்?" என்றாள். அதுவும் உண்மைதான்.

அன்று மாலையே மேசையில் உலகப்படம் விரிந்தது. அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை. சொந்தக்காரர் இருக்கும் இடத்துக்குப் போகக் கூடாது. போனால் அது பயணமாக இராது, பொதி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையாகிவிடும் என்றாள். சிவப்புப் பேனையை எடுத்துப் பாரிஸை வெட்டினாள். லண்டன், சூரிச், பெர்லின், டொரொண்டோ, சிட்னி, மெல்பேர்ன், சென்னை என்று ஒவ்வொன்றாகப் போனது. யாழ்ப்பாணத்துக்கு மேல் பேனை கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் வெட்டினாள். கடைசியில் எங்கள் ஆட்களின் கால் படாத நிலமாக மிஞ்சியவை போர்த்துக்கல், ஜோர்ஜியா, பெரு, மொங்கோலியா. அந்த வரிசையில் போவது என்று முடிவாயிற்று.

எனக்கு மொங்கோலியா பயமாக இல்லை. வேலை போவது பற்றியும் பெரிய பயம் இல்லை. என் பயம் வேறு. நாங்கள் இருவர் மட்டும், மகளும் இல்லாமல் சடங்கும் இல்லாமல், காலையிலிருந்து இரவு வரைக்கும் ஒரு நாளை எப்படிக் கழிப்போம்? அப்படி ஒரு நாள் எங்களுக்கு இருந்ததே இல்லை. இப்போது ஒரேயடியாக ஒரு வருடம்.

மகள் கெட்டிக்காரி. "முதல் ஒருக்கா ட்ரை பண்ணிப் பாருங்கோ" என்று காட்டுக்குள் ஒரு மரவீட்டை இரண்டு நாளுக்கு எடுத்துத் தந்தாள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தேத்தண்ணீர் குடித்தபடி மகளைப் பற்றிக் கதைத்தோம். எங்கள் கட்டடத்தில் தண்ணீர்க் குழாய் மாற்றப் போவதைப் பற்றிக் கதைத்தோம். ரொம்சோஸில் இருக்கும் அக்காவின் மகனுடைய கலியாண மண்டபத்தைப் பற்றிக் கதைத்தோம். பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

நான் யன்னலால் வெளியே பார்த்தேன். "மரம் நல்ல உயரம்" என்றேன்.

"ஓம்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "அங்காலை நிக்கிறதும் உயரம்தான்" என்றாள்.

"ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் எழுந்து போய் அந்த வீட்டு அடுப்பைத் தேய்க்கத் தொடங்கினாள். நான் கிறீச்சிட்ட கதவுப் பிணைச்சலைக் கழற்றி எண்ணெய் விட்டேன். மறுநாள் அவள் அலமாரிகளையும் துடைத்தாள், நான் படிக்கட்டில் ஆடிய பலகையை அடித்து இறுக்கினேன். இவ்வளவு துப்புரவாக யாரும் விட்டுப் போனதில்லை என்று வீட்டுக்காரர் மகளுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். மகள் அதைப் பரிசோதனை வெற்றி என்று எடுத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது காரில், "நல்லாக் கிடந்தது, என்ன?" என்று மனைவி கேட்டாள். "ஓம், நல்லாக் கிடந்தது" என்றேன். நான் சொன்னது பொய். அவள் சொன்னது எது என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த கிழமை, மகள் நோர்வேஜிய மொழியில் எழுதித் தந்த மூன்று வரி ராஜினாமாக் கடிதத்தோடு தொழிற்சாலையில் மேலாளரின் அறைக்குப் போனேன். மேலாளர் என் மகளைவிடக் கொஞ்சம் மூத்த பெண். நல்ல பிள்ளை. கோப்பி ஊற்றித் தந்தாள். நானும் மனைவியும் ஒரு வருடம் பயணம் போகப் போகிறோம் என்று தொடங்கினேன். கடிதத்தை எடுக்கக் கை சட்டைப்பைக்குள் போயும் விட்டது.

"ஒரு வருடம்தானே? அதற்கு ஏன் வேலையை விட வேண்டும்? சம்பளம் இல்லாத பெர்மிஷோன் எடுங்கள். திரும்பி வரும்போது உங்கள் இடம் உங்களுக்கே இருக்கும்" என்றாள்.

பெர்மிஷோன் என்றால் இங்கே விடுப்பு. கை சட்டைப்பைக்குள்ளேயே நின்றது. கடிதத்தை விட்டுவிட்டு வெறுங்கையாக வெளியே வந்தது. அந்தக் கையாலேயே அவள் நீட்டிய படிவத்தில் ஒப்பம் வைத்தேன். ஒரு புது வீட்டுக்குள் காலை வைக்கும்போதே பின்கதவு எங்கே என்று கண் தேடும் ஆட்கள் நாங்கள். ஓடிப் பழகியவர்களுக்கு அந்தப் பழக்கம் இலேசில் போகாது. ஆனால் அந்தச் சாக்கை என் சுகத்துக்கு நான் பாவிக்கக் கூடாது. நான் பின்கதவு வைத்தது இராணுவத்துக்குப் பயந்து இல்லை. மனைவிக்குப் பயந்து.

அன்றைக்கே அவளும் முதியோர் இல்லத்தில் தன் கடிதத்தைக் கொடுத்திருந்தாள். சந்தித்ததும் முதல் கேள்வியே, "குடுத்தாச்சோ?"

"குடுத்தாச்சு" என்றேன். ஒரு தாளைக் கொடுத்தது என்னவோ உண்மை.

கொடுக்காத கடிதமும் பெர்மிஷோன் படிவத்தின் பிரதியும் என் குளிர் ஜாக்கெட்டின் உள்பையில் மூன்று மாதம் கிடந்தன. மார்ச்சில் வெயில் வந்து ஊரெல்லாம் மெல்லிய ஜாக்கெட்டுக்கு மாறியபோதும் நான் அந்தத் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. வியர்த்து வடிய ரயிலில் இருப்பேன்.

இதனால் வேறொரு வினை வந்தது. எங்கள் சனத்துக்குள் ஒருவர் நிரந்தர வேலையை விட்டால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும், வருத்தம், அதாவது பெரிய நோய். ஊர் சுற்ற விடுகிறோம் என்று நாங்கள் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. வெயிலிலும் தடித்த ஜாக்கெட்டோடு, முகம் வியர்த்துத் திரியும் என்னைப் பார்த்ததும் வருத்தக்காரன் யார் என்பதும் முடிவாகிவிட்டது. ரொம்சோஸ் அக்கா எங்களுக்கு இரத்த உறவு இல்லை, அதைவிட நெருக்கம். அகதி முகாமில் பக்கத்து அறையில் இருந்தவர். அவர் ஒரு சட்டி கூழோடு வந்து இறங்கினார். என்னைக் கண்டதும் கண் கலங்கினார். மனைவியைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு வழியாக எல்லாம் கேட்கும்.

"தங்கச்சி, எங்களிட்டை மறைக்காதை. எந்த இடத்திலை?"

"முதல் போர்த்துக்கலிலை அக்கா" என்றாள் மனைவி.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா, "ஓம், அங்கை நல்ல ஆஸ்பத்திரியள் இருக்கெண்டு நானும் கேள்விப்பட்டனான்" என்றார்.

மறுக்க மறுக்க வருத்தம் கூடிக்கொண்டே போனது. அக்காவின் புருஷனை அண்ணை என்போம். அவர் கடையில் என் கூடையை வாங்கித் தானே தூக்கிக்கொண்டு வந்தார். கோயிலில் என் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை நடந்தது. போதாக்குறைக்கு லிஸ்பனில் தன் மச்சாளின் மகன் ஒருவன் இருப்பதை அக்கா கண்டுபிடித்து, அவனுக்கு மிளகாய்த்தூள் பொதி கொண்டுவந்து தந்தார். மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டு உலகப்படத்தை ஒரு பார்வை பார்த்தாள். போர்த்துக்கலும் போச்சு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மனைவிக்கு என்னைவிட இரண்டு கிழமை முன்னதாக வேலை முடிந்தது. கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பெரிய பூங்கொத்தோடும், எல்லாரும் ஒப்பமிட்ட அட்டையோடும், அழுது வீங்கிய கண்ணோடும் வந்தாள். "பேச்செல்லாம் பேசி, பெரிய கேக் ஒண்டும் தந்தவை" என்றாள். கேக்கைக் காணவில்லை. அவள் வெள்ளிக்கிழமைகளில் முட்டை தொடமாட்டாள். தன் கேக்கை அங்கேயே யாருக்கோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இங்கேதான் நான் சறுக்கினேன். இருபத்தாறு வருடம் ஒரே இடத்தில் வேலை செய்தும் ஒரு பிரியாவிடையைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை. அதெல்லாம் காலை முறைக்காரருக்கு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடப்பது. பின்னேரத்தில் நாங்கள் ஆறு பேர், யாராவது போனால் கைகொடுத்துவிட்டு அடுத்த வண்டில் துணியைத் தள்ளுவோம். எங்கள் ஆட்களிடம் கேக் என்றால் அது முழுசாக வீட்டுக்கு வர வேண்டும். உறவும் சனமும் சூழ்ந்து நிற்க வேண்டும், ஒரு கத்தியை நாலு கை பிடித்து வெட்ட வேண்டும், வாயில் ஊட்டிவிட வேண்டும், எல்லாவற்றையும் போட்டோ எடுக்க வேண்டும். நோர்வேக்காரரும் போகிறவன் கையில் கேக்கைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றே நம்பியிருந்தேன்.

என் கடைசிக் கிழமை புதிதாக வந்தவனுக்கு வேலை பழக்குவதற்காக என்னைக் காலை முறைக்கு மாற்றியிருந்தார்கள். விடுப்பில் போகிறவனுக்கு யார் கேக் கொடுப்பார்கள்? கடைசி நாளான வெள்ளிக்கிழமை மேலாளர் கையைக் குலுக்கி, "நல்லபடி போய் வாருங்கள், வருகிற வருடம் சந்திப்போம்" என்றாள். அவ்வளவுதான். வீட்டில் மகள், அக்கா, அண்ணை எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை எங்களுக்கு விமானம். கேக் இல்லாமல் போனால் பிடிபடுவேன். ஆகவே வழியில் ஒரு வெதுப்பகத்துக்குள் நுழைந்து இருக்கிறதிலேயே பெரிய மார்சிப்பான் கேக்கைக் காட்டினேன்.

"மேலே என்ன எழுத வேண்டும்?" என்று கேட்டாள் கடைக்காரப் பெண். "யாருக்கு இது?"

"எங்கள் வேலையிடத்தில் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார்."

"ஓ! நிறைய நாள் இருந்தவரா?"

"இருபத்தாறு வருடம்."

அவள் கையில் இருந்த சொக்லேட் குழல் நின்றது. "அவ்வளவு காலமா! நல்ல மனிதரா?"

நான் யோசித்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "பரவாயில்லை" என்றேன்.

"அவர் இல்லாமல் உங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்" என்று அனுதாபமாகச் சொல்லிவிட்டு, 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று நோர்வேஜியத்தில் அழகாக எழுதித் தந்தாள். ஓரத்தில் ஒரு சொக்லேட் இதயமும் வைத்தாள். அந்த இதயத்துக்குக் காசு வேண்டாம் என்றாள்.

ரயிலில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணை ஓடிவந்து பெட்டியை வாங்கினார், வருத்தக்காரன் பாரம் தூக்கக் கூடாதாம். மேசையில் வைத்து மனைவி மூடியைத் திறந்தாள்.

திறந்தவள் அப்படியே நின்றாள். கேக் வட்டமாக, முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, இதையேன் வீட்டை கொண்டந்தனீங்கள்? கேக்கை வேலையிடத்திலை வைச்சுத்தானே வெட்டுறது? எல்லாருமா லுன்ஷுக்குச் சாப்பிடுவினம்."

"அது வேறை, இது வேறை. எனக்கு ரெண்டு கேக்" என்றேன்.

"ரெண்டோ?"

"இருபத்தாறு வருசமெல்லோ" என்றேன்.

"உன்ரை அப்பாவை அவைக்குச் சரியான விருப்பம்" என்றாள் மனைவி. மகளைப் பார்த்துச் சொன்னாள். கண் மட்டும் என்னிடம் இருந்தது.

அக்கா, "அவர் சீனி சாப்பிடலாமோ?" என்று மெல்லக் கேட்டார். "இண்டைக்குச் சாப்பிடட்டும் அக்கா" என்று மனைவி ஒரு பெரிய துண்டாக வெட்டி என் வாய்க்கு நேரே நீட்டினாள். நான் வாயைத் திறந்தேன். அவ்வளவையும் உள்ளே தள்ளினாள். மகள் போட்டோ எடுத்தாள். அந்தப் படம் இப்போதும் இருக்கிறது. அதில் நான் மூச்சுத் திணறுவதை எல்லாரும் ஆனந்தக் கண்ணீர் என்கிறார்கள்.

அன்று மனைவி ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை படுக்கையில் பயணப் பெட்டியைத் திறந்து வைத்து உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். உள்ளே போவதா, தேத்தண்ணீர் போடுவதுபோல நழுவுவதா என்று தெரியவில்லை.

"இஞ்சருங்கோ" என்றாள், திரும்பாமலே. "கடிதம் குடுத்தனீங்களோ, இல்லையோ?"

நான் போய் ஜாக்கெட்டை எடுத்துவந்து உள்பையில் இருந்த இரண்டு தாளையும் அவள் மடித்து வைத்த உடுப்புகளின் மேல் வைத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை வாசித்தாள். நான் வேலைக்குத் திரும்ப வேண்டிய திகதியில் விரலை வைத்தாள்.

"வேலை போயிடும் எண்ட பயமோ?"

"இல்லை."

"பின்னை?"

மூன்று மாதமாக இந்தக் கேள்விக்கென்று நல்ல நல்ல பொய்களாகத் தயாரித்து வைத்திருந்தேன். ஓய்வூதியம், மகளின் வீடு, முதுகு நோ. ஒன்றும் வாயில் வரவில்லை.

"உம்மோடை முழு நாளும் இருந்து எனக்குப் பழக்கமில்லை" என்றேன். "மூண்டாம் கிழமையே கதைக்க ஒண்டும் இல்லாமப் போனால், எனக்குப் போறதுக்கு ஒரு இடம் வேணும் எண்டு நினைச்சன்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான பேச்சு என்று எனக்கு உறைத்தது. வெடிக்கப் போகிறாள் என்று நின்றேன். அவள் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும்தான் பழக்கமில்லை" என்றாள். "அந்தக் காட்டு வீட்டிலை பதினொரு மணிக்குப் பிறகு எனக்கு அழுகை வந்திட்டுது. உங்களுக்குக் காட்டக் கூடாதெண்டுதான் அடுப்புக்குள்ளை தலையை விட்டுத் தேய்ச்சனான்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஒரு மனிசனை ஸ்டேஷனிலை வைச்சு வழியனுப்பிறன், இல்லாட்டி நித்திரையிலை பாக்கிறன். இருபத்தாறு வருசமா இதுதானே? நான் வேலை செய்த இடத்திலை கிழவியள் தங்கடை புருசன்மாரைப் பற்றிக் கதை கதையாச் சொல்லுவினம். என்னைக் கேப்பினம், உன்ரை மனிசன் எப்பிடி எண்டு. நல்லவர் எண்டு சொல்லுவன். அதுக்கு மேலை எனக்கு ஒண்டும் தெரியாது. போர்த்துக்கல் எனக்கெதுக்கு? மொங்கோலியாவிலை எனக்கென்ன கிடக்கு? உங்களைப் பாக்கத்தான் நான் வேலையை விட்டனான்."

படிவத்தை மடித்து என் பக்கம் நீட்டினாள்.

"பயம் எனக்கும் இருக்கு. அதாலைதான் திரும்பிப் போக இடம் வைக்கேல்லை. வைச்சிருந்தா நானும் ஓடியிருப்பன். நீங்கள் உங்கடை விருப்பப்படி செய்யுங்கோ. மிச்சக் கேக்கையும் நீங்களே தின்னுங்கோ, எனக்குச் சரியான இனிப்பு."

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் வெட்கத்தைவிடப் பெரிதாக ஒரு ஆறுதலும் இருந்தது. இவ்வளவு நாளும் இந்தப் பயம் என் ஒருவனுடையது என்று நினைத்து, அதை ஜாக்கெட்டுக்குள் வைத்துச் சுமந்து வியர்த்திருக்கிறேன். அவளும் அதையேதான் வைத்திருந்திருக்கிறாள், என்னைப்போல ஒளிக்காமல் அதன் முன்னால் போய் நின்றிருக்கிறாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன கதைப்பது என்று தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு ஒருவரும் எழுந்துபோய் எதையும் துடைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை தொழிற்சாலைக்குப் போனேன். மேலாளர் என்னைக் கண்டதும் பயந்துபோனாள். விடுப்பில் போனவன் முதல் நாளே வந்து நின்றால் யாருக்கும் பயம் வரும். மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்த கடிதத்தை மேசையில் வைத்தேன். மூன்று வரிதான், ஆனால் இரண்டு தடவை வாசித்தாள்.

"ஏதாவது நடந்துவிட்டதா?" என்று கேட்டாள். "உங்கள் இடம் உங்களுக்கு இருக்கிறதே. ஒரு வருடம் முடிய வரலாமே?"

"ஒரு வருடம் போதாது போலிருக்கிறது" என்றேன்.

"எதற்கு?"

எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல வரவில்லை. அந்த மொழியில் எனக்கு அவ்வளவு வளைவும் தெரியாது. "நானும் மனைவியும் இனி ஒன்றாக இருக்கப் போகிறோம்" என்றேன்.

அவள் பேனையைக் கீழே வைத்தாள். முகம் வாடிவிட்டது. இத்தனை வருடம் கூட வேலை செய்த மனிதனின் கவலையைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்ற வருத்தம் அதில் தெரிந்தது.

"நீங்கள் பிரிந்து இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது" என்றாள்.

"எனக்கும் சனிக்கிழமைதான் தெரியும்" என்றேன்.